ஏஜென்சியில் ஆட்கள் நிற்பதே இல்லை, தலைமை மாறுவதாகவும் இல்லை. இருப்பதா, கிளம்புவதா?

செந்தூரம் கேட்டது:

விளம்பர ஏஜென்சி ஒன்றில் கிளையன்ட் சர்வீசிங்கில், அதாவது கிளையன்டுக்கும் டீமுக்கும் நடுவே நின்று பேசும் வேலையில் இருக்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். எனக்குப் பிடித்த வேலைதான், அதில் மாற்றம் இல்லை. கிளையன்ட் ஒரு குழப்பத்தோடு வந்து, அதை நாங்கள் ஒரு கேம்பெயினாக மாற்றி, அது வெளியே போய்ப் பலன் தருவதைப் பார்க்கும்போது வருகிற நிறைவு வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் இங்கே ஆட்கள் நிற்பதே இல்லை. நான் சேர்ந்தபோது டீமில் இருந்தவர்களில் இப்போது மிச்சம் இருப்பவர் ஒரே ஒரு டிசைனர், அவரும் நோட்டீஸ் பீரியடில் இருக்கிறார்.

எந்தக் கிளையன்டை யார் பார்க்கிறார்கள் என்று குறித்து வைக்க டீமில் ஒரு ஷீட் உண்டு. அதில் ஒரு பெரிய கிளையன்டுக்கு எதிரே நான்கு பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோடு போட்டு அடிக்கப்பட்டு, ஐந்தாவதாக என் பெயர் ஏறியிருக்கிறது. அவர்களுடன் முதல் முறை ஃபோனில் பேசியபோது அந்த மேடம் கோபப்படவில்லை, தன்மையாகத்தான் கேட்டார்: "எங்கள் பிராண்டைப் பற்றி மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டுமா?" அந்தக் குரலில் இருந்த களைப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

எங்கள் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திறமை இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது, கிளையன்டைப் பிடிக்க யோசனைகளை முன்வைக்கும் பிட்ச்சில் அவர் பேசினால் அறையே அவர் பக்கம் சாய்ந்துவிடும். ஆனால் கிளையன்ட் எது கேட்டாலும், செய்யப் போகிறவர்களை ஒரு பார்வைகூடப் பார்க்காமல், "நாளைக்கே தந்துவிடுகிறோம்" என்று வாக்குக் கொடுத்துவிடுவார். இரவு பதினோரு மணிக்குக் கிளையன்டின் மெயிலை எங்களுக்குத் தள்ளிவிடுவார், மேலே ஒரு வரிகூட இருக்காது, ஒரே ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கும். அதைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். என்ன தவறு, யாரைக் கேட்கிறார், இப்போதே எழுந்து உட்கார வேண்டுமா, காலையில் பார்க்கலாமா, எதுவும் தெரியாது. பிறகு கிளையன்ட் எதிரிலேயே "எங்கள் பசங்க சொதப்பிவிட்டார்கள்" என்று எங்களைக் காட்டிக்கொடுப்பார். யாராவது ராஜினாமா செய்தால் "எல்லாருக்கும் இந்தத் துறை தாங்காது" என்பார், அதோடு சரி, அந்தப் பெயரை யாரும் எடுக்கக் கூடாது. அந்த இடத்துக்குக் கல்லூரி முடித்த ஒரு புதுப்பிள்ளை வரும். அதற்குக் கற்றுக்கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

சீனியர்களைக் கேட்டால் "ஏஜென்சி என்றால் அப்படித்தான்" என்கிறார்கள். உண்மையிலேயே எல்லா இடமும் இப்படித்தானா? மேலே இருக்கும் நிறுவனரிடம் பேசிப் பலன் உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை:

"அப்படித்தான்" என்று சொல்பவர்களை முதலில் நம்பாதீர்கள். எந்த வேலை யாரிடம் எப்போது போகிறது என்று பார்க்கும் டிராஃபிக் பொறுப்பில் பல வருடம் இருந்தவன் நான். வேலை நெருக்கம் எல்லா ஏஜென்சியிலும் உண்டு. பிட்ச் நேரத்தில் ராத்திரி உட்கார்வதும் உண்டு. அதனால் மட்டும் யாரும் ஓடிப்போய் நான் பார்த்ததில்லை. நெருக்கம் முடிந்ததும் மூச்சுவிட இடம் கிடைக்காத இடத்திலிருந்துதான் போகிறார்கள்.

அடிப்படைக் கணக்கைப் பாருங்கள். ஏஜென்சி விற்பது நேரத்தை. ரீட்டெய்னர் என்று மாதாமாதம் வருகிற தொகைக்குப் பின்னால், இந்தக் கிளையன்டுக்கு டிசைனர் இத்தனை மணி, எழுதுபவர் இத்தனை மணி, சர்வீசிங் இத்தனை மணி என்று ஒரு கணக்கு இருந்தாக வேண்டும். 100 மணி நேரத்துக்குப் பேசிய கிளையன்டுக்கு 160 மணி நேரம் உழைத்தால் அந்த 60 மணி நேரம் யாருடையது? கம்பெனி அதற்குக் காசு வாங்கவில்லை, கிளையன்ட் அதைக் கொடுக்கவும் இல்லை. உங்கள் தூக்கத்திலிருந்தும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் தலைவர் "நாளைக்கே" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் நடப்பது இதுதான், இலவசமாகக் கொடுத்துவிட்டு அதை நல்லுறவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று தினமும் குறிக்கும் டைம்ஷீட்டில் எட்டு மணி நேரம் என்று மட்டும் நிரப்பச் சொல்கிறார்களா என்று பாருங்கள். பல இடங்களில் வாயாலேயே சொல்லிவிடுவார்கள், எழுத்தில் இருக்காது. அப்படி நிரப்பினால் அடுத்த வருடம் ரீட்டெய்னரைப் புதுப்பிக்கும்போது மேசையில் இருக்கிற எண்ணே பொய்யாகிவிடும். போன வருடம் ஐந்து பேர் செய்ததாகத் தெரியும் வேலையை உண்மையில் எட்டுப் பேர் அளவுக்கு உழைத்துத்தான் முடித்திருப்பார்கள். அந்தப் பொய் எண்ணை வைத்துப் புதுக் கணக்கு போடுவார்கள், அதே ஐந்து பேரையே நிறுத்துவார்கள், அதில் இரண்டு பேர் போவார்கள், மிச்சமிருக்கும் மூன்று பேர் தலையில் எல்லாம் விழும். உங்கள் ஷீட்டில் நான்கு பெயர்கள் அடிபட்டது இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நீலாம்பல்:

கிளம்புங்கள். நான் நீட்டி முழக்கப் போவதில்லை, ஆனால் கரும்பலகை சொன்ன டைம்ஷீட் விஷயத்தை யாரும் சின்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜப்பானின் பெரிய விளம்பர நிறுவனமான டென்ட்சுவில் 2015 டிசம்பரில் 24 வயதுப் பெண் ஊழியர் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதிக வேலைப்பளுதான் காரணம் என்று 2016இல் அரசே ஏற்றுக்கொண்டது. ஒரு மாதத்தில் 100 மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாக உழைத்திருக்கிறார், பதிவேட்டில் மட்டும் அது 70 மணிக்குள் இருப்பதாகக் காட்டப்பட்டிருந்தது. நிறுவனத்தின் தலைவர் பதவி விலகினார், 2017இல் டோக்கியோ நீதிமன்றம் நிறுவனத்துக்கு 5 லட்சம் யென் அபராதம் விதித்தது. ஒரு உயிருக்கு 5 லட்சம் யென்! 1951இல் அன்றைய தலைவர் எழுதிய பத்துக் கட்டளைகள் அங்கே ஊழியர் கையேட்டில் இருந்தன, அதில் ஒன்று, எடுத்த வேலையைக் கொல்லப்பட்டாலும் விடாதே என்பது. இந்த மரணத்துக்குப் பிறகுதான் அந்தப் பக்கத்தைக் கையேட்டிலிருந்து எடுத்தார்கள். மாதத்துக்கு 45 மணி நேரம், வருடத்துக்கு 360 மணி நேரம் என்று கூடுதல் வேலைக்கு வரம்பு வைத்து 2018இல் அங்கே சட்டமும் வந்தது, எவ்வளவு நெருக்கடி என்றாலும் ஒரு மாதத்தில் 100 மணியைத் தொடக் கூடாது என்று.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இரவு பதினோரு மணிக் கேள்விக்குறி உங்கள் வயிற்றைப் பிசைகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உடம்பு முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருக்கிறது. நெருங்கியவர்கள் யாரிடமாவது மனம்விட்டுப் பேசுங்கள், தூக்கம் கெட்டால் டாக்டரைப் பாருங்கள். வேலை வேறு இடத்தில் கிடைக்கும்.

வெண்தாள்:

ஒரு காலத்தில் எச்.ஆரில் இருந்தேன், இரண்டு ஏஜென்சிகளில். உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

போகிறவர்களிடம் கடைசி நாளில் ஒரு பேட்டி எடுப்போம். அதில் தொண்ணூறு சதம் பேர் "நல்ல வாய்ப்பு வந்தது" என்று எழுதிவிட்டுப் போவார்கள். அனுபவச் சான்று கையில் வர வேண்டும், நாளைக்கு வேறொரு கம்பெனியிலிருந்து ஃபோன் போட்டு விசாரிப்பார்கள், யார் பகைத்துக்கொள்வார்கள்? ஆகவே ஃபைலில் எல்லாமே சம்பளத்துக்காகப் போனதாகவே இருக்கும். அந்த ஃபைலைத்தான் நிறுவனரிடம் காட்டுவார்கள். அவர் "சந்தை அப்படி இருக்கிறது" என்று நம்பிக்கொள்வார். பேட்டி முடிந்து லிஃப்ட் வரை கூட நடந்து போகும்போதுதான் உண்மையைச் சொல்வார்கள். அதை எழுதி வைக்க எந்தப் படிவமும் இல்லை.

இன்னொன்று, விலகல் விகிதம் என்று ஒரு எண் சொல்வார்கள். வருடத்தில் போனவர்களின் எண்ணிக்கையைச் சராசரி ஆள்பலத்தால் வகுத்து நூறால் பெருக்குவது. 40 பேர் இருக்கும் இடத்தில் 12 பேர் போனால் 30 விழுக்காடு. ஆனால் அந்த எண்ணை மொத்தக் கம்பெனிக்கும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. 12 பேரும் ஒரே தலைவருக்குக் கீழே இருந்தவர்கள் என்றால் அது வேறு கதை. அதில் எத்தனை பேர் வருடம்கூட முடிக்காமல் போனார்கள், எத்தனை பேரை இழந்ததற்குக் கம்பெனி உண்மையிலேயே வருந்துகிறது, இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு டீமுக்கும் இன்னொரு டீமுக்கும் வேலையில் ஈடுபாடு வித்தியாசப்படுவதில் குறைந்தது 70 விழுக்காடு மேலாளரைப் பொறுத்தது என்று சொன்னார்கள். மேலாளரிடமிருந்து தப்பிப்பதற்காகவே எப்போதோ ஒரு வேலையை விட்டதாக அமெரிக்கர்களில் இரண்டு பேரில் ஒருவர் அதில் சொல்லியிருந்தார். நான் லிஃப்ட் வாசலில் கேட்டதும் அதே கதைதான்.

புதுப்பிள்ளைகளையே எடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். டேவிட் ஓகில்வி தன் ஏஜென்சியில் இயக்குநர்களின் நாற்காலிகளுக்கு முன்னால் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் ரஷ்யப் பொம்மைகளை வைத்தார். கடைசிக் குட்டிப் பொம்மைக்குள் ஒரு சீட்டு இருக்கும். நம்மைவிடச் சிறியவர்களையே நாம் எடுத்துக்கொண்டிருந்தால் குள்ளர்களின் கம்பெனி ஆகிவிடுவோம், பெரியவர்களை எடுத்தால் பேருருவர்களின் கம்பெனி ஆவோம் என்பது அதிலிருந்த செய்தி. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர்களை மட்டும் தேடி எடுக்கும் தலைவர் வேண்டுமென்றே அந்தச் சின்னப் பொம்மையைத் தேடுகிறார். குறைந்த சம்பளம் ஒரு காரணம்தான். "இது ஒரு நாளில் முடியாது சார்" என்று சொல்லக்கூடிய அனுபவசாலி அறையில் இருக்கக் கூடாது என்பதும் ஒரு காரணம்.

நடுப்பகல்:

எல்லாரும் ஒரே பக்கம் நின்று பேசுகிறீர்கள், கொஞ்சம் மறுபக்கமும் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். நான் ஒரு சிறிய டிசைன் டீமை நடத்துகிறேன். ஆட்கள் போவதெல்லாம் தலைமையின் தவறு என்று சொல்லிவிட முடியாது. இருபத்தைந்து வயதில் இடம் மாறினால்தான் சம்பளம் ஏறும் என்பது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும். ஒரே கிளையன்டுக்கு வருடக்கணக்கில் ஒரே மாதிரி போஸ்ட் போட்டுச் சலித்துப் போகிறவர்களும் உண்டு, அவர்கள் போவது அவர்களுக்கு நல்லதுதான். கிளையன்டும் லேசுப்பட்டவர் இல்லை. மூன்று மாதம் பணத்தை நிறுத்தி வைத்துவிட்டு, நாளைக்கே வேண்டும் என்பார். முடியாது என்றால் வாசலில் இன்னொரு ஏஜென்சி நிற்கும். மாதக் கடைசியில் சம்பளம் போட வேண்டியவன் இதையெல்லாம் யோசித்துத்தான் தலையாட்டுகிறான்.

ஆனால் செந்தூரம் சொன்னதில் இரண்டு விஷயங்களுக்கு என்னிடம் நியாயம் இல்லை. கிளையன்ட் எதிரில் தன் ஆட்களைக் காட்டிக்கொடுப்பது ஒன்று. வெளியே நிற்கும்போது தவறு என்னுடையது என்று தலைவன் வாங்கிக்கொள்ள வேண்டும், உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். இன்னொன்று அந்தக் கேள்விக்குறி. ஒரு வரி எழுதச் சோம்பல்படுகிறவர் எழுதாமல் விட்ட வரியை அந்த ராத்திரியில் ஐந்து பேர் உட்கார்ந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

திறமைசாலி என்று சொன்னீர்கள் அல்லவா, அதனால்தான் மேலே இருப்பவர்கள் அவரைத் தொட மாட்டார்கள் என்று தோன்றுகிறது.

கரும்பலகை:

நடுப்பகல், கிளையன்ட் பணத்தை நிறுத்தி வைப்பது நிஜம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நெருக்கடியை டீமிடம் திறந்து சொல்லும் தலைவருக்காக ஆட்கள் நின்று வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். "இந்த மாதம் இவர்கள் போனால் நமக்குக் கஷ்டம், இந்த ஒரு வாரம் மட்டும் தாங்குங்கள், அடுத்த வாரம் இரண்டு நாள் யாரையும் கூப்பிட மாட்டேன்" என்று சொல்லி, சொன்னபடி விட்டவர் ஒருவர் இருந்தார். அவர் டீமிலிருந்து யாரும் லேசில் போகவில்லை. அந்தக் கிளையன்டும் ரொம்ப நாள் இருந்தார்கள்.

திறமையும் தலைமையும் வேறு வேறு என்பதற்கு வேறு துறையிலிருந்து ஒன்று சொல்கிறேன். வில்லியம் ஷாக்லி டிரான்சிஸ்டருக்காக 1956இல் நோபல் பரிசு வாங்கியவர். தன் ஆய்வகத்துக்கு நாட்டிலேயே கெட்டிக்கார இளைஞர்களாகப் பார்த்துத் தேடிச் சேர்த்தார். ஆள் எடுப்பதில் குறை சொல்ல முடியாது. ஆனால் யாரையும் நம்ப மாட்டார், ஆய்வகத்தில் ஒரு சின்ன விபத்து நடந்ததற்கு ஊழியர்களுக்குப் பொய் கண்டறியும் சோதனை நடத்த வேண்டும் என்று கேட்கும் அளவுக்குப் போனார். இளைஞர்கள் முதலில் நேராக ஓடிவிடவில்லை. பணம் போட்ட பெக்மனிடம் போய், இவரை நிர்வாகத்திலிருந்து மாற்றுங்கள் என்று கேட்டார்கள். பெக்மன் யோசித்துவிட்டு ஷாக்லியையே தலைமையில் வைத்துக்கொண்டார். 1957இல் எட்டுப் பேர் சேர்ந்து வெளியேறி ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். அவர்களில் இருவர்தான் 1968இல் இன்டெலைத் தொடங்கியவர்கள். ஷாக்லியின் ஆய்வகம் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

செந்தூரம், உங்கள் நிறுவனர் இதில் பெக்மன் இருந்த இடத்தில் இருக்கிறார்.

செந்தூரம்:

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன்.

டைம்ஷீட் விஷயம் அப்படியே உண்மை. எட்டு மணி நேரத்துக்கு மேல் போட்டால் சிஸ்டம் ஏற்றுக்கொள்ளும், ஆனால் "ஏன் இவ்வளவு மெதுவாகச் செய்கிறீர்கள்" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே எல்லாரும் எட்டு போடுகிறோம். நிறுவனரும் தலைவரும் ஆரம்ப காலத்திலிருந்து ஒன்றாக இருப்பவர்கள், அதனால்தான் போய்ப் பேசத் தயங்குகிறேன். இன்னொன்று, எனக்குக் கீழே இப்போது இரண்டு புதுப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், ஒருத்தி அருமையாக எழுதுகிறாள். நானும் போய்விட்டால் அவர்கள் கதி என்ன என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை.

ஆழிமணல்:

நிறுவனரிடம் பேசலாம், ஒரு தடவை. ஆனால் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "சார் இரவில் மெயில் அனுப்புகிறார், எங்களை மட்டம் தட்டுகிறார்" என்று தொடங்கினால் அவர் அதை இரண்டு பேருக்கு இடையிலான மனஸ்தாபமாக எடுத்துக்கொண்டு, சமாதானம் பேசி அனுப்பிவிடுவார், மறுநாள் அது தலைவரின் காதுக்கும் போய்விடும். நீங்கள் எடுத்துப் போக வேண்டியது உங்கள் ஷீட்டை. இந்தக் கிளையன்டுக்கு இதுவரை நான்கு பேர் மாறியிருக்கிறார்கள், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் எத்தனை வேலை திரும்பி வந்தது, கிளையன்டே என்ன சொன்னார், ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்க வருகிறது, இதை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். தலைவரின் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். எண்களைப் பார்த்ததும் அவரே கேட்பார். கேட்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

ஏஜென்சியின் சொத்து முழுக்க ஆட்களின் தலைக்குள் இருக்கிறது. அந்த மேடத்துக்கு எந்த நிறம் பிடிக்காது, அவர்களுடைய சட்டப் பிரிவு எந்த வார்த்தையை அடித்துவிடும், எந்த மாதத்தில் அவர்கள் பட்ஜெட் முடிவாகும், இதெல்லாம் எந்த ஹேண்ட்ஓவர் கோப்பிலும் முழுதாக வராது. ஆள் போகும்போது கூடவே போய்விடும். சில நேரம் கிளையன்டும் கூடவே போவார்கள். லண்டனின் பெரிய விளம்பர ஏஜென்சியான சாச்சி அண்ட் சாச்சியில் 1994 டிசம்பரில் நிறுவனர்களில் ஒருவரான மாரிஸ் சாச்சியைப் பங்குதாரர்களின் நெருக்குதலால் தலைவர் பதவியிலிருந்து இறக்கினார்கள். அடுத்த சில வாரங்களில் மூத்தவர்கள் சிலர் வரிசையாக வெளியே வந்தார்கள், 1995இல் அவருடன் சேர்ந்து புது ஏஜென்சி தொடங்கினார்கள், பிரிட்டிஷ் ஏர்வேஸ் மாதிரி பெரிய கிளையன்டே பின்னால் போய்விட்டது. தலைமைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது இங்கே நமக்கு வேண்டாம். கிளையன்டுகள் நம்பியது பெயர்ப்பலகையை அல்ல, கூட உட்கார்ந்து வேலை செய்தவர்களை. உங்கள் நிறுவனருக்கு இது புரியும் மொழி.

புதுப்பிள்ளைகளைப் பற்றி. அவர்களுக்காக நீங்கள் தங்கிவிட்டால், இந்த இடத்தைத்தான் சகித்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பீர்கள். இருக்கிற வரைக்கும் செய்யக்கூடியது நிறைய உண்டு. என்ன வேண்டும் என்று கிளையன்ட் சொல்லும் பிரீஃபை எழுத்தில் வாங்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்று சொல்லிக்கொடுங்கள். கிளையன்டுடன் ஃபோனில் "நாளைக்கே" என்று வாக்குப் போனால், பத்து நிமிஷத்துக்குள் "பேசியபடி இது நாளை, அதனால் அந்த இன்னொன்று வியாழனுக்குத் தள்ளிப்போகிறது, சரிதானே" என்று தலைவரைச் சேர்த்து ஒரு மெயில் போடப் பழக்குங்கள். யாரையும் எதிர்க்காத மெயில்தான், ஆனால் எது தள்ளிப்போகிறது என்பது பதிவாகிவிடும். அந்த எழுதுகிற பெண்ணின் வேலையில் அவள் பெயர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வெளிவந்த வேலைகளைப் போர்ட்ஃபோலியோவில் வைக்க அனுமதியையும் இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள், பிறகு கேட்டால் யாரும் பதில் போட மாட்டார்கள்.

வெண்தாள்:

ஆழிமணல் சொன்ன மெயில் யோசனை நல்ல யோசனை. டைம்ஷீட்டிலும் இன்று முதல் உண்மை நேரத்தைப் போடுங்கள். "ஏன் மெதுவாக" என்று கேட்டால், எந்த வேலைக்கு எத்தனை திருத்தம் வந்தது என்பதைக் காட்டுங்கள். கிளம்புவது என்று முடிவானால் சில விஷயங்கள். அடுத்த இடத்தின் ஆஃபர் லெட்டர் எழுத்தில் கைக்கு வராமல் ராஜினாமா கொடுக்காதீர்கள். உங்கள் ஒப்பந்தத்தில் கிளையன்டுகளை அணுகக் கூடாது என்று நிபந்தனை இருக்கிறதா, எவ்வளவு காலத்துக்கு என்று படித்துப் பாருங்கள். கிளையன்ட் கோப்பு, தொடர்பு எண்கள், விலைப் பட்டியல் எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள், நல்ல பெயரோடு போகிறவர்கள்கூட அதில் மாட்டிக்கொள்வார்கள். விடுப்பு இருப்பு, சம்பளச் சீட்டுகள் இவற்றின் நகலை அணுகல் இருக்கும்போதே எடுத்து வையுங்கள். போன பிறகு ஆத்திரத்தில் பெயர் போட்டு இணையத்தில் எழுதவும் வேண்டாம்.

புது இடத்தில் நேர்காணலுக்குப் போகும்போது நீங்களும் கேளுங்கள். இந்த இடம் ஏன் காலியானது? முன்பு இருந்தவர் எவ்வளவு காலம் இருந்தார், இப்போது கம்பெனிக்குள்ளேயே இருக்கிறாரா, வெளியே போய்விட்டாரா? கிளையன்ட் பேசியதற்கு மேல் கேட்டால் யார் "முடியாது" என்று சொல்வார், கடைசியாக எப்போது சொன்னார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு உதாரணம்கூட உடனே வாயில் வரவில்லை என்றால் அங்கே யாரும் சொல்வதில்லை என்று பொருள். டீமில் தலைவர் அல்லாத ஒருவரிடம் பத்து நிமிஷம் தனியாகப் பேச முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். நல்ல இடங்களில் சங்கடப்படாமல் ஏற்பாடு செய்வார்கள். அங்கே வேலை செய்து போனவர்கள் இரண்டு மூன்று பேரை இணையத்தில் தேடிப் பிடித்து விசாரிப்பது அதைவிட நல்லது, போனவர்கள் உண்மையைச் சொல்ல இப்போது தடை ஒன்றும் இல்லை.

நீலாம்பல்:

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். ராத்திரி மெயில் நோட்டிஃபிகேஷனை இன்றே அணைத்துவிடுங்கள். அவசரம் என்றால் ஃபோன் செய்வார்கள்.

செந்தூரம்:

அணைத்துவிட்டேன். ஷீட்டையும் அந்த ஒரு பக்கத்தையும் தயார் செய்துகொண்டிருக்கிறேன், நிறுவனரிடம் அடுத்த வாரம் நேரம் கேட்டிருக்கிறேன். நோட்டீஸில் இருக்கும் டிசைனர், தான் போவதற்குள் அந்தக் கிளையன்டைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் உட்கார்ந்து எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பேசிவிட்டு வந்து எழுதுகிறேன்.